ஒரே 13 சீட்டுதான்... ஜமுக்காளத்தில் விளையாட்டு, கைப்பேசியில் வினை! பெரியப்பா வீட்டில் நடந்த கதை

கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி. ரிசப்ஷன் முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்து, போட்டோகிராபர் லைட்டை மடக்கிக்கொண்டிருக்கும் நேரம். மண்டபத்தின் ஒரு மூலையில் ஜமுக்காளம் விரியும். யாரோ ஒருவருடைய வேட்டி மடிப்பிலிருந்து சீட்டுக்கட்டு வெளியே வரும். "ஒரு கை குறையுது, வாங்க மாப்ளே!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், முகூர்த்த நாதஸ்வரம் கேட்கும்வரை அங்கே வேறு உலகம்.

எங்கள் குடும்பத்தில் அந்த உலகத்துக்குத் தலைவர் பெரியப்பா. தஞ்சாவூர் பக்கம் அவர் இல்லாத கல்யாண மண்டபச் சீட்டு கிடையாது. புள்ளிக்கு 50 காசு. ஃபுல் கொடுத்தால் 80 புள்ளி, அதாவது 40 ரூபாய். விடிய விடிய ஆடினாலும் பெரியப்பா 300 ரூபாய்க்கு மேல் தோற்று நான் பார்த்ததில்லை. ஜெயித்தால், காலையில் வாண்டுகளுக்கெல்லாம் ஐஸ்கிரீம்.

எட்டு வயதிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவள் நான். ஒரே ஒரு நிபந்தனைதான் போடுவார். "என் சீட்டைப் பார்த்து உன் மூஞ்சி மாறக் கூடாது பாப்பா. உன்னைப் பார்த்தே நாலு பேர் ஸ்கூட் அடிச்சிருவான்."

போன வருடம் என் அக்காவுக்குக் கல்யாணம். வழக்கம்போல ஜமுக்காளம் விரிந்தது, சீட்டுக்கட்டு வந்தது. பெரியப்பா மட்டும் வரவில்லை. "தலை வலிக்குது" என்று சொல்லிவிட்டு, மணமகள் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

காரணம் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால், அண்ணி தன் தாலிச் செயினோடு போட்டுக்கொள்ளும் இரட்டை வடச் சங்கிலியை பீரோவில் தேடியிருக்கிறார். இல்லை. அது அடகுக் கடையில் இருந்தது. வைத்தவர் என் அண்ணன், பெரியப்பாவின் ஒரே மகன். கைப்பேசி ரம்மியில் ஒன்றரை வருடத்தில் அவர் விட்ட பணம் 4 லட்சத்து 60 ஆயிரம்.

அன்று பெரியம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம். "உங்களைப் பார்த்துதானே கத்துக்கிட்டான்?"

அதற்குப் பிறகு பெரியப்பா சீட்டைத் தொடவில்லை.

பெரியம்மா சொன்னது நியாயமா? இரண்டும் ஒரே ஆட்டம்தானா? அதே 13 சீட்டு, அதே ஒரிஜினல் ரம்மி, அதே ஜோக்கர். அப்படியிருக்க ஒருவர் 40 வருடம் ஆடியும் வீட்டில் ஒரு பித்தளைச் சொம்பு குறையவில்லை. இன்னொருவர் ஒன்றரை வருடத்தில் மனைவியின் நகையை அடகு வைக்கிறார். இந்தக் கேள்வியோடு அண்ணனிடமே போய் உட்கார்ந்தேன். "எழுது. பேரு மட்டும் போடாத" என்றார்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை ஆட்டம்?

ஆறு பேர் ஆடும் ஜமுக்காளத்தில் முதலில் இரண்டு கட்டையும் சேர்த்துக் கலைக்க வேண்டும். ஒருவர் வெட்ட வேண்டும். ஆளுக்கு 13 வீதம் 78 சீட்டு போட வேண்டும். அதற்குள் காபி வரும். ஒருவர் வெற்றிலை மடிப்பார். ஆட்டம் முடிந்ததும், "அந்த ராணியை நீ ஏன் இறக்கினே?" என்று ஐந்து நிமிடம் சண்டை நடக்கும். பிறகு புள்ளி எழுதுவார்கள். "மணிக்கு நாலஞ்சு ஆட்டம் நடந்தா பெரிய விஷயம்" என்கிறார் அண்ணன்.

கைப்பேசியில் கலைப்பதும் இல்லை, போடுவதும் இல்லை. சீட்டை அடுக்குவதற்குக்கூட ஒரு பட்டன் உண்டு. யோசிக்கச் சில விநாடிகள்தான். ஆட்டம் முடிந்த அடுத்த நொடி, அடுத்த மேஜை தயார். "மணிக்கு இருபது ஆட்டம்கூடப் போகும். தோத்ததை நினைச்சு வருத்தப்படவே நேரம் இருக்காது."

போக்கரிலும் இதே கணக்குதான். நேரடி மேஜையில் மணிக்கு சுமார் 25, 30 கை போடுவார்கள். ஆன்லைனில் ஒரே மேஜையில் 60 கைக்கு மேல் ஓடும். ஒரே நேரத்தில் நான்கு மேஜைகளைத் திறந்து வைத்து ஆடுகிறவர்களும் உண்டு. மேஜையில் ஒரு வாரம் ஆடித் தோற்க வேண்டியதைத் திரையில் ஒரே ராத்திரியில் தோற்றுவிட முடியும்.

அண்ணன் தன் வங்கிக் கணக்கின் பிரின்ட் அவுட்டைக் காட்டினார். ஒரு நாள் இரவு 11.40லிருந்து அதிகாலை 4 மணிவரை 23 முறை பணம் போயிருக்கிறது. எல்லாமே 500, 1,000, 2,000. பெரிய தொகை ஒன்றுகூட இல்லை. "ஒரே தடவையா முப்பதாயிரம் போடுன்னா கை நடுங்கியிருக்கும். ஐந்நூறு, ஐந்நூறா போனதால தெரியலை" என்றார்.

ஜமுக்காளத்தில் பணம் கண்ணுக்குத் தெரியும். முழங்காலுக்கு அடியில் செருகிய நோட்டு குறையக் குறைய, எழுந்து போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று புரியும். திரையில் அது வெறும் எண். யு.பி.ஐ. பின் நம்பரை அடித்தால் எண் மறுபடி ஏறிவிடும்.

எதிரில் உட்கார்ந்திருப்பது யார்?

பெரியப்பாவின் வித்தையே ஆளைப் படிப்பதுதான். ஒரு மாமா நல்ல சீட்டு வந்தால் மீசையைத் தடவுவார். இன்னொருவர் ஒரே ஒரு சீட்டுக்குக் காத்திருந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். "சீட்டை அப்புறம் பாரு, முதல்ல ஆளைப் பாரு" என்பார் பெரியப்பா. போக்கர்காரர்கள் இந்த அறிகுறிகளை 'டெல்' என்கிறார்கள். அதை மறைக்கத்தான் கறுப்புக் கண்ணாடியும், முகத்தை மூடும் தொப்பியும்.

ஆன்லைனில் மீசையும் இல்லை, முகமும் இல்லை. எதிராளி எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார், எந்தச் சீட்டை எடுக்கிறார், எவ்வளவு பந்தயம் வைக்கிறார் என்பதை வைத்து மட்டுமே ஊகிக்க வேண்டும். அதுவும் ஒரு திறமைதான், மறுக்க முடியாது. ஆனால் எதிரில் இருப்பது ஓர் ஆள்தானா என்பதே நமக்குத் தெரியாது.

2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு போட்டி நடந்தது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான 'லிப்ராடஸ்' என்ற கணினி நிரல் ஒரு பக்கம், நான்கு தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர்கள் மறுபக்கம். 20 நாள்கள், 1,20,000 கை. கணினி தெளிவாக ஜெயித்தது. அது ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடும் ஆட்டம். 2019ல் வந்த 'ப்ளூரிபஸ்' ஆறு பேர் மேஜையிலும் தேர்ந்த ஆட்டக்காரர்களை ஜெயித்துக் காட்டியது. ஆராய்ச்சிக்கூடத்தில் இதைச் செய்ய முடியும் என்றால், முகம் தெரியாத மேஜையில் என்னவெல்லாம் உட்காரலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

கணினிகூட வேண்டாம். நண்பர்கள் இரண்டு பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து, போனில் பேசிக்கொண்டே உங்களைக் காலி செய்யலாம். ஜமுக்காளத்தில் அப்படிக் கண்ணைக் காட்டினால், "என்னடா ஜாடை?" என்று சட்டையைப் பிடிப்பார்கள். 2007, 2008ல் வெளிநாட்டுப் போக்கர் தளங்கள் இரண்டில் இன்னும் மோசமான மோசடி அம்பலமானது. உள்விவரம் தெரிந்த சிலர், எதிராளிகளின் மூடிய சீட்டுகளையே பார்த்தபடி ஆடிப் பணம் குவித்திருந்தார்கள். தோற்றவர்கள் பழைய ஆட்டங்களின் பதிவுகளைத் தோண்டி எடுத்துக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

திரையிலிருந்து மேஜைக்குப் போனவர்

ஆன்லைனில் நல்லதே இல்லையா? உண்டு. போக்கர் உலகத்தில் இதற்கு ஒரு பெரிய கதையே இருக்கிறது. கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரே அதுதான்!) அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்காளர். 2003ல் 86 டாலர் கட்டி ஆன்லைன் தகுதிப் போட்டி ஒன்றில் ஆடி ஜெயித்தார். அதற்குப் பரிசாக 10,000 டாலர் நுழைவுக்கட்டணம் உள்ள உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் இடம் கிடைத்தது. போட்டி லாஸ் வேகாஸில். பெரிய நேரடி மேஜைகளில் அனுபவமே இல்லாதவர் அவர்.

இறுதியில் எதிரே உட்கார்ந்தவர் சாம் ஃபர்ஹா என்ற பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர். இந்த ஆட்டத்தில் ஆளுக்கு 2 சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு. ஒரு கையில் மணிமேக்கரிடம் ஒன்றுமே சேரவில்லை. ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி. மணிமேக்கர் அலட்டிக்கொள்ளாமல் தன்னிடம் இருந்த அத்தனை சில்லுகளையும் முன்னால் தள்ளினார். ஃபர்ஹா அவர் முகத்தைப் பார்த்தார், யோசித்தார், சீட்டை மடக்கிவிட்டார். கடைசியில் மணிமேக்கருக்கு 25 லட்சம் டாலர் பரிசு. அந்த வருடம் அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். அடுத்த வருடம் 2,576, அதற்கடுத்த வருடம் 5,619. 'நாமும் போகலாமே' என்று உலகமே ஆன்லைனில் உட்கார்ந்துவிட்டது.

இதில் எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. இத்தனை வருடம் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, ஜமுக்காளத்தில் யாரும் ஒரு கை போட்டதில்லை. 'பொம்பளைப் புள்ளைக்கு என்ன சீட்டு?' என்பதுதான் சட்டம். காசில்லாத பயிற்சி மேஜையில்தான் முதல்முறையாக 13 சீட்டைக் கையில் 'பிடித்தேன்'. ஆணா, பெண்ணா, எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் மணிமேக்கர் கதையில் நாம் பார்ப்பது ஒருவரை. அதே போட்டியில் மீதி 838 பேர் கோப்பையில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். திருக்குறளில் 'சூது' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. 94வது அதிகாரம். அதன் முதல் குறளிலேயே தூண்டிலும் மீனும் வந்துவிடும். தோல்வி அல்ல, ஜெயிப்பதுதான் ஆபத்தின் ஆரம்பம் என்கிறார் வள்ளுவர். அண்ணன் முதல் வாரத்தில் ஜெயித்தது 1,800 ரூபாய். "அன்னைக்கே தோத்திருந்தா அன்னைக்கே விட்டிருப்பேன்" என்கிறார்.

பணம் எங்கே போகிறது?

பெரியப்பா வட்டத்தில் இன்று நான் தோற்ற பணம் மாமாவிடம் போகும். அடுத்த கல்யாணத்தில் மாமா தோற்றது என்னிடம் வரும். பணம் சொந்தத்துக்குள்ளேயே சுற்றும்.

ஆன்லைனில் அப்படி இல்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் நடத்துபவர் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டால் 600. அதில் 10 சதவிகிதம் நடத்துபவருக்கு என்று வைத்துக்கொண்டால், ஜெயித்தவருக்கு 540. இப்படி 20 ஆட்டம் ஆடினால், 1,200 ரூபாய் மேஜையை விட்டே போயிருக்கும். ஆறு பேரும் சம திறமைசாலிகள் என்றாலும், ஆட ஆட ஆறு பேருமே தோற்பார்கள். ஆட்டம் எவ்வளவு வேகமோ, நடத்துபவருக்கு அவ்வளவு லாபம்.

இதோடு வரியும் சேர்ந்தது. 2023 அக்டோபர் 1 முதல் இந்த ஆட்டங்களுக்குக் கட்டிய பணத்தின் மேல் 28 சதவிகிதம் ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. நிகரமாக ஜெயித்த பணத்தில் 30 சதவிகிதம் வருமான வரிப் பிடித்தம்.

உச்ச நீதிமன்றம் 1967லேயே இந்த விஷயத்தைத் தொட்டிருக்கிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் ரம்மி வழக்கு அது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதால், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது தீர்ப்பு. பின்னாளில் ஆன்லைன் ரம்மிக்காக வாதாடியவர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்ட தீர்ப்பு இதுதான். ஆனால் அதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்துக்குச் சொந்தக்காரர் லாபம் பார்க்கிறார் என்றால், அது குற்றமாகலாம். ஆட்டம் எது என்பதோடு, ஆட்டத்தால் யார் பிழைக்கிறார்கள் என்பதையும் அன்றே கேட்டிருக்கிறார்கள்.

'போதும்' என்று யார் சொல்வது?

நேரடி ஆட்டத்துக்கு எப்போதும் ஒரு முடிவு உண்டு. சமையல்காரர் வந்து, "இலை போடணும், எடத்தைக் காலி பண்ணுங்க" என்பார். கரண்ட் போகும். பெரியம்மா வந்து கட்டை அப்படியே வாரி மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவார். அதிகம் தோற்றுவிட்டவரைப் பார்த்து, "மச்சான், நீ எழுந்திரு. போய்ப் படு" என்று சொல்ல ஒருவராவது இருப்பார்.

கைப்பேசி அதைச் சொல்லாது. ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் அண்ணன் ஆடியபோது, பக்கத்தில் படுத்திருந்த அண்ணிக்குக்கூடத் தெரியவில்லை. விட்டதைப் பிடிக்கும் வெறியில் நிதானம் இழப்பதை போக்கரில் 'டில்ட்' என்பார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் டில்ட் வந்தால் மேஜையை விட்டு எழுந்துவிடுவார்கள். தலையணைக்கு அடியில் மேஜை இருந்தால் எங்கே எழுந்து போவது?

தமிழ்நாடு அரசு ஒருமுறை இந்தப் பெரியம்மா வேலையைச் சட்டமாகவே செய்து பார்த்தது. 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைப்படி, நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை பணம் வைத்து ஆன்லைனில் ஆடக் கூடாது. ஆதார் சரிபார்ப்பும் கட்டாயம். நிறுவனங்கள் எதிர்த்து வழக்கு போட்டன. சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்றது.

பிறகு, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் நிறைவேறி, 22ம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேச்சுக்கே இடமில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் என்றால் தடை. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடியவர்களுக்குத் தண்டனை இல்லை. பெரிய ரம்மி, போக்கர் செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்தின.

"சட்டம் வந்த அன்னைக்கு அழுதேன்" என்றார் அண்ணன். "சந்தோஷத்துலயா, இனிமே மீட்க முடியாதேங்கிற வருத்தத்துலயான்னு எனக்கே தெரியலை."

தடை வந்துவிட்டால் ஆசை போய்விடாது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்களின் இணைப்பு இன்னமும் அவருக்கு மெசேஜில் வருகிறதாம். சூதாட்ட அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனம். அண்ணன் இப்போது மாதம் ஒருமுறை மனநல மருத்துவரைப் பார்க்கிறார். சம்பளம் அண்ணியின் கணக்குக்குப் போகிறது. அவர் போனில் யு.பி.ஐ. கிடையாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஜமுக்காளம் எல்லாமே புனிதமில்லை. தோப்பில் உட்கார்ந்து வெட்டுச்சீட்டில் நிலத்தையே விட்டவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். பெரியப்பாவைக் காப்பாற்றியது அவருடைய கட்டுப்பாடு மட்டும் அல்ல. 50 காசு புள்ளியும், மெதுவான ஆட்டமும், சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தமும்தான். அண்ணனிடம் அந்த மூன்றுமே இல்லை.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏதோ கோவத்துல சொன்னேன். அவரு இன்னும் அதையே நெனச்சுட்டிருக்காரா?" என்று மட்டும் கேட்டார்.

மறுபடியும் ஒரு ஜமுக்காளம்

கடந்த காணும் பொங்கலன்று எல்லோரும் பெரியப்பா வீட்டில் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் வாண்டுகள், "தாத்தா, கழுதை ஆட்டம் சொல்லிக் குடு" என்று பிடித்துக்கொண்டன. பெரியப்பா தயங்கினார். அண்ணனைப் பார்த்தார்.

"ஆடுங்கப்பா. நான் வாசல்ல இருக்கேன்" என்றார் அண்ணன். காசில்லாத ஆட்டத்தில்கூட இப்போதைக்கு உட்கார வேண்டாம் என்பது மருத்துவர் சொன்னது.

பெரியம்மாவே பரணிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து வந்து கொடுத்தார். பந்தயம் புளியங்கொட்டை. ஆட்டம் முடிந்து குழந்தைகள் கலைந்ததும், பெரியப்பா என்னைப் பார்த்து, "வா பாப்பா, ஒரு கை குறையுது" என்றார். இருபது வருடம் கழித்து எனக்கு ஒரு கை விழுந்தது. முதல் ஆட்டமே ஃபுல் கொடுத்தேன். 80 புளியங்கொட்டை!

ராத்திரி பத்தரை இருக்கும். வாசலில் இருந்த அண்ணன் எழுந்து உள்ளே வந்தார். எல்லோருக்கும் சுக்குக் காபி கொண்டு வந்து வைத்தார்.

"போதும்ப்பா. நேரமாச்சு, படுங்க" என்றார்.

பெரியப்பா மறுபேச்சு பேசாமல் கட்டை மூடினார்.

*(உங்களுக்கோ, உங்கள் வீட்டில் யாருக்கோ ஆன்லைன் சூதாட்டத்திலிருந்து மீள உதவி தேவைப்பட்டால், மனம் உடைந்து தவறான எண்ணங்கள் வந்தால், தயங்காமல் பேசுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண்: 14416. தமிழ்நாடு அரசு மருத்துவ உதவி எண்: 104. சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050. ஆன்லைன் பண மோசடி புகாருக்கு: 1930.)*